மின்வெட்டும் வளர்ச்சிக் கணக்கும்: நுகர்வுப் புள்ளிவிவரம் எதை அளக்கிறது?

ஆற்றல் நுகர்வு பொருளாதார வளர்ச்சியைத் தூண்டுகிறதா, வளர்ச்சிதான் நுகர்வைக் கூட்டுகிறதா? ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் இருவரும் 1978இல் அமெரிக்காவின் 1947–1974 தரவுகளை ஆராய்ந்து, வருமானமே நுகர்வை நிர்ணயிக்கிறது என்றனர். அதே வகைச் சோதனை பின்னர் வளரும் நாடுகளிலும் நடத்தப்பட்டது. இந்தியா போன்ற ஒரே நாட்டுக்குக்கூட முரணான விடைகள் கிடைத்தன. இந்த முரணுக்குக் கணித முறையையும் ஆண்டுத் தேர்வையும் காரணம் காட்டுவது வழக்கம். சிக்கலின் வேர் தரவிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பற்றாக்குறை நிலவும் நாட்டில் நுகர்வுப் புள்ளிவிவரம் தேவையைக் காட்டுவதில்லை. கிடைத்ததை மட்டுமே காட்டுகிறது.

தமிழ்நாட்டில் 2008 முதல் நீடித்த மின்வெட்டு 2012இல் உச்சத்தை எட்டியது. கோவையில் ஜாப் ஒர்க்கை நம்பியிருந்த லேத் பட்டறைகளில் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் வேலையும் இல்லை. அங்கே குறைந்த நுகர்வு சிக்கனமும் அன்று, தேவைக் குறைவும் அன்று. ஜெனரேட்டர் வாங்க முடிந்த ஆலைகள் டீசலில் ஓடின. ஆற்றல் கணக்கில் ஒரு யூனிட் எங்கிருந்து வந்தாலும் ஒரு யூனிட்தான். ஆலையின் கணக்கில் டீசல் யூனிட்டுக்கு ஆன செலவு இரு மடங்குக்கும் மேல்.

இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து ஆல்காட், கோலார்ட்-வெக்ஸ்லர், ஓ'கானல் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பற்றாக்குறையால் சராசரி ஆலையின் வருவாய் 5 முதல் 10 விழுக்காடு குறைவதாக மதிப்பிட்டது. ஜெனரேட்டர் இல்லாத ஆலைகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. மாநில அளவிலான நுகர்வுத் தொகையில் இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. வேளாண்மையில் தரவு இன்னும் நலிவானது. தமிழ்நாட்டின் இலவச மின் இணைப்புகள் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. பம்ப்செட்டுகளின் நுகர்வு மதிப்பீடாகவே ஏட்டில் ஏறுகிறது. மதிப்பீட்டின் மீது நடத்தும் காரணகாரியச் சோதனை எவ்வளவு நுட்பமானதாயினும் அதன் முடிவு உறுதியாகாது.

அப்படியானால் மின்சாரம் கொடுத்தாலே வளர்ச்சி வந்துவிடுமா? அதுவும் இல்லை. 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராமப்புற மின்மயத் திட்டத்தை ஆராய்ந்த பர்லிக், பிரியோனாஸ் இருவரும், சிறு கிராமங்களில் மின் பயன்பாடு கூடியும் வருமானத்தில் பெரிய மாற்றம் நிகழவில்லை எனக் கண்டனர். பத்தில் ஒரு வீட்டுக்கும் பொதுவிடங்களுக்கும் இணைப்பு கிடைத்தால் அந்த ஊர் மின்மயமானதாகக் கொள்ளப்பட்ட காலம் அது. மின்சாரம் எத்தனை மணிநேரம் வந்தது, அதைத் தொழிலாக மாற்றக் கடனும் சாலையும் சந்தையும் இருந்தனவா என்பவை அந்த வரையறைக்குள் வரவில்லை.

இந்த இரண்டு அனுபவங்களும் ஒரே முடிவைத் தருகின்றன. வளர்ச்சியோடு பொருத்திப் பார்க்க வேண்டியது யூனிட்டுகளின் எண்ணிக்கையை மட்டுமன்று. தடையின்றிக் கிடைத்த நேரத்தையும், அதற்குக் கொடுத்த விலையையும், அது சென்று சேர்ந்த இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நுகர்வைக் குறைத்தாலும் வளர்ச்சி குன்றாது என்று மொத்தத் தொகையை வைத்து வளரும் நாடுகளுக்குப் பரிந்துரைப்பது ஆபத்தானது. தொகைக்குள் வராமலே போன அந்த வேலை நேரங்களை, ஜெனரேட்டருக்கு வழியில்லாத பட்டறைக்காரர் ஏற்கெனவே இழந்துவிட்டார். மின்வெட்டு நேரத்தை ஊர்வாரியாகப் பதிந்து வெளியிடுவதும் பம்ப்செட்டுகளின் நுகர்வை அளப்பதும்தான் ஆய்வுக்கும் கொள்கைக்கும் முதல் தேவை.