அச்சோவியத்தில் நெல்லைச் சீமை

நெல்லைச் சீமையின் மலையும் அருவியும் கோயிலும் இரண்டு கட்டங்களில் அச்சோவியங்களாக வெளிநாட்டு வாசகரைச் சென்றடைந்தன. 1804இல் செப்புத் தகட்டிலிருந்து எடுத்த நிலக்காட்சிப் படங்கள் வந்தன. 1876இல் நெல்லையப்பர் கோயிலின் தரைப்படம் ஒரு கட்டடக்கலை நூலில் இடம்பெற்றது. முன்னவை காட்சியைத் தந்தன. பின்னது அளவைத் தந்தது.

செப்புத் தகட்டுப் படங்களைச் செய்தவர்கள் தாமஸ் டேனியல் (1749–1840), அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1786இல் கல்கத்தா வந்த அவர்கள், தாங்கள் தங்கியிருந்த அந்த நகரின் கட்டடங்களையும் தெருக்களையும் 12 படங்களாக அங்கேயே அச்சிட்டு வெளியிட்டார்கள். தெற்கே வருவதற்கு மைசூர்ப் போர் தடையாக இருந்தது. 1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் உடன்படிக்கை ஏற்பட்டதும் வழி திறந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து கிளம்பி, மைசூர் எல்லைக் கோட்டைகள், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகக் குமரிமுனைப் பக்கம் வரை போய், 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள். எதிரே உள்ள காட்சி வில்லை வழியாகத் தாளின் மேல் விழும் இருட்டுப்பெட்டி ஒன்றும் அவர்களுடன் பயணம் செய்தது. அதில் விழும் உருவத்தின் மேலேயே பென்சிலை ஓட்டலாம் என்பதால், தூண் வரிசையின் சாய்வும் கோபுரத்தின் விகிதமும் பிசகாமல் பதிந்தன.

அச்சு வேலை லண்டனில் நடந்தது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கினால், பொடி உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இட்டால், பிசின் துகள்களுக்கு நடுவே உள்ள செம்பு மட்டும் அரிக்கப்படும். வெளிறிய வானம் வேண்டிய இடத்தைச் சீக்கிரமே மெருகெண்ணெய் பூசி மூடிவிடுவார்கள். பாறையின் கருநிழல் வேண்டிய இடத்தை மீண்டும் மீண்டும் அமிலத்தில் நனைப்பார்கள். அரிப்பு ஆழமாக ஆக மை அதிகம் பிடிக்கும். படத்தில் அந்த இடம் கருக்கும். கோடுகளால் மட்டும் வரைந்த செப்புப் படத்துக்கு எட்டாத மேகம், நீர்த்திவலை, மலைமூட்டம் ஆகியவை இந்த முறைக்கு வசப்பட்டன. அச்சான பிறகு கையால் வண்ணம் தீட்டப்பட்டது. இப்படி 144 படங்கள், ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்தன.

அவற்றில் பாபநாசம் அருவியும் குற்றால அருவியும் 1804ஆம் ஆண்டு வெளியீடுகள். பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாக ஓடி, தென்காசியைக் கடந்து, கங்கைகொண்டான் பக்கமாகப் போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நெல்லைச் சீமையின் வயல்களை வாழவைக்கும் இரண்டு ஆறுகளின் தலைவாசல்களும் இவ்வாறு செம்பில் பதிந்தன. களக்காட்டுப் பக்கத்திலிருந்து பார்த்த தென்கோடி மலைகளும் ஒரு படமாயின.

கட்டடங்கள் என்று வரும்போது டேனியல்களின் கை மதுரையிலும் தஞ்சையிலும் திருச்சியிலும்தான் நிலைத்தது. தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலைக்கோட்டை, திருமலை நாயக்கர் அரண்மனை, புதுமண்டபத்தின் உட்புறம் ஆகியவை 1797–98இல் வந்த பகுதியில் உள்ளன. நெல்லையப்பர் கோயில் அந்த 144 படங்களில் இல்லை. பாளையக்காரர் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் இல்லை. லண்டனில் இந்தப் படங்கள் பகுதி பகுதியாக விற்பனைக்கு வந்துகொண்டிருந்தபோதே, 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மீண்டும் எழுப்பப்பட்ட அவருடைய கோட்டை 1801இல் தரைமட்டமாக்கப்பட்டது. படமாகாமல் போன கட்டடம் இடிக்கப்பட்டால் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு அந்தக் கோட்டையே சான்று.

நெல்லையப்பர் கோயிலை அச்சுக்குக் கொண்டுவந்தது ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாறு. கல்கத்தாவில் அவுரி வணிகத்தில் பொருள் ஈட்டிய பெர்குசன், பின்னர் வாழ்நாளைக் கட்டடக்கலை ஆய்வுக்கே கொடுத்தவர். அவருடைய நூலை நிறைத்திருப்பவை பெரும்பாலும் மரச்செதுக்குப் படங்கள். கடினமான மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில், வெள்ளையாக வரவேண்டிய இடங்களை உளியால் எடுத்துவிட்டால், எஞ்சி நிற்கும் கோடுகள் மை ஏற்கும். அச்செழுத்தின் உயரத்துக்கே கட்டை இருப்பதால், எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் ஒரே அழுத்தலில் அச்சாகும். விளக்கத்தைப் படிக்கும் கண்ணுக்கு அருகிலேயே படமும் இருந்தது.

அந்தத் தரைப்படம் கோயிலின் சிறப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. சுற்றுமதில் 508 அடிக்கு 756 அடி. நீளவாக்கில் 378 அடி வீதம் சரிபாதியாகப் பிரிந்து, ஒரு பாதி நெல்லையப்பருக்கும் மறுபாதி காந்திமதி அம்மனுக்கும் உரியதாக, இரண்டு முழுக் கோயில்கள் அருகருகே நிற்கின்றன. 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இரண்டையும் இணைக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தின் தூண்கள் குறுக்கே 10, நெடுக்கே 100 என்ற வரிசையில் நிற்கின்றன. இந்த ஒழுங்கு பெர்குசனைக் கவரவில்லை. இடைவெளியே இல்லாத அந்த நீண்ட வரிசையை அவர் குறையாகவே எழுதினார். ஆனாலும் அவர் தந்த தரைப்படமும் அளவுகளும் அவருடைய ரசனையைச் சார்ந்து நிற்கவில்லை. தமக்குப் பிடிக்காததையும் அளந்து காட்டியதே அந்தப் பக்கத்தின் பயன்.

பிறகு அச்சோவியத்தின் இடத்தைப் புகைப்படம் பிடித்தது. லின்னேயஸ் டிரைப் 1858லேயே மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்திருந்தார். புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் முறைகள் பரவியபோது, கட்டடத்தை ஆவணப்படுத்தும் பொறுப்பு செதுக்குவோர் கையை விட்டு அகன்றது. அச்சோவியம் கலையாகத் தொடர்ந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே அச்சோவியம் ஒரு பாடத்துறை.

டேனியல்களும் பெர்குசனும் வெளியூர்க்காரர்கள். புகழ்பெற்ற பெரிய இடங்களையே தேர்ந்தார்கள். முதலாம் இராசேந்திர சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய கங்கைகொண்டானின் கைலாசநாதர் கோயில் போன்றவை டேனியல்களின் தகடுகளில் ஏறவில்லை. ஆற்றங்கரைப் படித்துறைகளும் கல்மண்டபங்களும் ஓட்டு வீட்டுத் தெருக்களும் கூட அப்படித்தான். அவற்றை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவருக்கே எந்தத் திண்ணை எதற்கு, எந்தத் தூண் எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியும். தாமிரபரணிக் கரையின் சிற்றூர்களைச் செதுக்கிப் பதிக்கும் பணி அந்த ஊர்க் கலைஞர்களுக்கு உரியது. மேலே சொன்ன இரண்டு வழிகளும் அதற்குக் கைகொடுக்கும்: ஒளியும் நிழலும் காட்டும் தகடு ஒன்று, அளவு பிசகாத தரைப்படம் ஒன்று.