ஒரே ஆய்வகம், உடையும் வரிசை: அமெரிக்கக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் இரண்டின் படிப்பினை

அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட்ஹெல்த்கேர், 2006 அக்டோபரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2007 ஜனவரி 1 முதல் அதன் நாடளாவிய ஆய்வகப் பங்காளி லேப்கார்ப் ஒன்றுதான். ஒப்பந்தக் காலம் 10 ஆண்டுகள். அதுவரை அதே பணியைச் செய்துவந்த குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ், நாட்டின் மிகப் பெரிய ஆய்வக நிறுவனமாக இருந்தும், காப்பீட்டு வலையமைப்புக்கு வெளியே தள்ளப்பட்டது. வட்டார ஆய்வகங்கள் சில உள்ளே தொடர்ந்தன. ஆனால் நாடு முழுவதும் ரத்தம் எடுக்கும் மையங்களை வைத்திருந்த இரு பெரும் நிறுவனங்களில் இனி ஒன்றுக்கே இடம் என்பதுதான் ஏற்பாட்டின் சாரம். 2007 நடுவில் ஏட்னா காப்பீட்டு நிறுவனம் இதே முறையை நேரெதிராகச் செய்தது: குவெஸ்ட்டை வைத்துக்கொண்டு லேப்கார்ப்பை விலக்கியது.

இரண்டு ஏற்பாடுகளும் ஒரே நாளில் முடிவுக்கு வந்தன. 2019 ஜனவரி 1 அன்று யுனைடெட்ஹெல்த்கேர் குவெஸ்ட்டையும், ஏட்னா லேப்கார்ப்பையும் திரும்பச் சேர்த்துக்கொண்டன. ஏறத்தாழ 12 ஆண்டுகள் நீடித்த ஒரு கொள்கையை அதை வகுத்தவர்களே கைவிட்டார்கள் என்றால், அது எதைச் சேமித்தது, யார் தலையில் எதைச் சுமத்தியது என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் வாதம் இது: காப்பீட்டு நிறுவனம் எதிர்பார்த்த சேமிப்பு கற்பனையன்று. ஆனால் ஒப்பந்தம் ஒவ்வொரு பரிசோதனையையும் தனித்தனிச் சரக்காக எண்ணி விலை பேசியது. நாள்பட்ட நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் தேவைப்படுவதோ ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க முடிவுகளின் வரிசை. அந்த வரிசை ஒப்பந்தத்தில் எங்கும் விலை பெறவில்லை. ஆகவே அதன் சேதமும் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆய்வகத் தொழிலில் நிலைச் செலவு மிக அதிகம். தானியங்கிப் பகுப்பாய்வுக் கருவிகள், இரவுப் பணி ஆட்கள், உரிமங்கள், ஊர் ஊராகச் சுற்றி மாதிரிகளைச் சேகரிக்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாக வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு குழாய் ரத்தத்துக்கும் கூடுதல் செலவு என்பது கொஞ்சம் வேதிப்பொருள்தான். எனவே, 'என் உறுப்பினர்கள் அத்தனை பேரின் குழாய்களும் உன்னிடமே வரும்' என்று வாக்குக் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு விலையைப் பெரிதாகக் குறைத்துத்தர ஆய்வகத்தால் முடியும். இன்னொன்றும் உண்டு: அமெரிக்காவில் ஒரே பரிசோதனைக்கு மருத்துவமனையோடு இணைந்த ஆய்வகம் கேட்கும் கட்டணம், தனி ஆய்வகத்தின் கட்டணத்தைப் போலப் பல மடங்காக இருப்பது வழக்கம். அந்த வேறுபாட்டைக் கடைசியில் சுமப்பது காப்பீட்டுத் தவணை கட்டும் தொழிலாளியும் அவரை வேலைக்கு வைத்தவரும்தான். இதைத் தட்டிக்கேட்கும் நிறுவனத்தைப் பேராசை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஒப்பந்தத்தின் ஒரு விதியை ஊன்றிப் படிக்க வேண்டும். மாற்றத்தால் நேரும் செலவுகளுக்காக, முதல் மூன்று ஆண்டுகளில் 20 கோடி டாலர் வரை யுனைடெட்ஹெல்த்கேருக்கு ஈடு செய்ய லேப்கார்ப் ஒப்புக்கொண்டது. மாற்றம் இலவசமாக நடக்காது என்பதை இரு தரப்பும் அறிந்தே கையெழுத்திட்டன. அந்த ஈடு போய்ச் சேரும் இடம் காப்பீட்டு நிறுவனம். மாற்றத்தை அன்றாடம் செய்துமுடிக்க வேண்டியிருந்த மருத்துவர்களுக்கு வந்தது வேறு செய்தி: வலையமைப்புக்கு வெளியே உள்ள ஆய்வகத்துக்கு மாதிரிகளை அனுப்பினால் 50 டாலர் அபராதம் விதிக்கப்படலாம் என்று அறிவிக்கப்பட்டது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

அந்த மருத்துவரின் அலுவலகத்தில் நடப்பது என்ன என்று அருகில் நின்று பார்த்தால்தான் இந்தக் கொதிப்பு விளங்கும். காலை பத்து மணிக்கு ஒருவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய், அணுக்களின் எண்ணிக்கைக்கு ஊதா நிற மூடிக் குழாய், மற்றவற்றுக்குக் கூழ்ப்பொருள் வைத்த குழாய். கடைசிக் குழாயை அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றிப் பிரித்து, சீரத்தைத் தனியே நிற்கச் செய்ய வேண்டும். பிறகு எல்லாம் வாசலில் தொங்கும் பூட்டுப் பெட்டிக்குள் போகும். ஆய்வகத்தின் ஆள் மாலையில் வந்து எடுத்துச் செல்வார். சுழற்றாமல் விட்ட குழாயில் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு குறையும். அதே குழாயைக் குளிரில் வைத்தால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, நோயாளிக்கு இல்லாத ஆபத்தைத் தாளில் காட்டும். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, எந்த வெப்பநிலையில் என்பதெல்லாம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறும். ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி, மாதிரி கருவிக்குள் நுழையும் முன்பே நேர்கிறது என்பது இத்துறையில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. பழகிய வண்டி, பழகிய படிவம், கணினியில் நேரே வந்து விழும் முடிவு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வது அந்தப் பிழைகளுக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும்.

போதாக்குறைக்கு ஒரே மருத்துவரிடம் யுனைடெட்ஹெல்த்கேர் நோயாளியும் வருவார், ஏட்னா நோயாளியும் வருவார். 2007க்குப் பிறகு முன்னவரின் குழாய் ஒரு பெட்டிக்கும் பின்னவரின் குழாய் இன்னொரு பெட்டிக்கும் போக வேண்டும். இரண்டு படிவம், இரண்டு விதி, இரண்டு கணினி இணைப்பு. மாற்றிப் போட்டால் பில் போவது மருத்துவருக்கு அல்ல, நோயாளிக்கு. ஆய்வகத்தைத் தேர்வு செய்வதில் நோயாளிக்குப் பெரும்பாலும் பங்கே இல்லை. அவர் கையை நீட்டுகிறார். குழாய் எங்கே போகிறது என்பது பின்னறையில் முடிவாகிறது. எதிர்பாராத மருத்துவக் கட்டணங்களைத் தடுக்க 2022இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம்கூட மருத்துவமனைகளையும் அறுவை மையங்களையும் முன்னிறுத்தியே எழுதப்பட்டது. தனி மருத்துவரின் அலுவலகத்திலிருந்து வெளி ஆய்வகத்துக்குப் போகும் குழாய் அதன் பாதுகாப்புக்குள் பொதுவாக வருவதில்லை.

இனி அந்த வரிசைக்கு வருகிறேன். புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். இதற்கு இருவகை அளவீட்டு அடிப்படைகள் புழக்கத்தில் உள்ளன: ஹைப்ரிடெக் நிறுவனம் தொடக்கத்தில் வகுத்தது ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் தரத்தைப் பின்பற்றுவது மற்றொன்று. ஒரே ரத்தத்தில் இரண்டாவது வகை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகக் காட்டும். ஆக, முந்தைய அடிப்படையில் 4.0 என்று வந்திருக்கக்கூடிய மதிப்பு, பிந்தையதில் 3.2 அளவில் வரலாம். சுரப்பி அகற்றப்பட்ட நோயாளிக்கு இன்னும் நுணுக்கமான சிக்கல். அவருக்கு 0.2 என்ற எல்லையைத் தொடுவதே நோய் திரும்புகிறது என்பதன் அறிகுறியாகக் கொள்ளப்படும். இந்தச் சிறு எண்களில் பத்தில் ஒரு பங்கு அசைவும் கதிர்வீச்சு தொடங்குவதா, காத்திருப்பதா என்ற பேச்சைக் கிளப்பும். ஆய்வகம் மாறிய மாதத்தில் எண் ஏறினால், ஏறியது நோயா, கருவியா? மற்றப் புற்றுக் குறியான்களிலும் இதே கதைதான்: ஒரு தயாரிப்பாளரின் முறையில் வந்த முடிவை இன்னொருவரின் முறையில் வந்ததோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. முறை மாறும்போது பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே மாதிரியைச் சோதித்துப் புதிய அடிக்கோடு போட வேண்டும். அந்த இரட்டைச் சோதனைக்குப் பணம் தருவது யார்? ஒற்றை ஆய்வகத் திட்டத்தின்படி அவற்றில் ஒன்று வலையமைப்புக்கு வெளியே நிற்கிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். வரிசைதான் முக்கியம் என்றால், எல்லாரையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புவதுதானே அதைக் காக்கும்? ஒரே கருவி, ஒரே அடிப்படை, ஒரே பதிவேடு! நோயாளி பிறந்தது முதல் இறக்கும்வரை ஒரே காப்பீட்டில் இருந்தால் இந்த வாதத்தை முழுமையாக ஏற்பேன். ஆனால் அமெரிக்காவில் வேலை செய்யும் வயதினரின் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை மாறினால் காப்பீடு மாறும். வேலை மாறாவிட்டாலும் முதலாளி அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தோடு பேசி முடிக்கலாம். ஒரு நிறுவனம் லேப்கார்ப்புக்கும் இன்னொன்று குவெஸ்ட்டுக்கும் என்று பிரித்துக்கொண்ட உலகில், அதே ஊரில், அதே மருத்துவரிடம் தொடரும் நோயாளியின் ரத்தம்கூட இடம் மாறிக்கொண்டே இருக்கும். தொடர்ச்சியை நோயாளியோடு கட்டாமல் காப்பீட்டு அட்டையோடு கட்டியதே இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு. இரு ஆய்வகங்களும் எல்லாருக்கும் திறந்திருந்தால் மருத்துவர் தன் நோயாளிக்கு ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிலைத்திருக்க முடியும்.

மருத்துவ முடிவுகளில் 70 விழுக்காடு ஆய்வக முடிவுகளைச் சார்ந்தவை என்ற கூற்று இத்தகைய விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதற்கு உறுதியான ஆய்வு அடிப்படை கிடையாது. அதன் துணை இல்லாமலே இந்த வாதம் நிற்கும் என்பதால் அதை ஒதுக்கிவைக்கிறேன்.

சந்தையின் பக்கம் நடந்தது இன்னும் ஆழமாக யோசிக்கத் தக்கது. ஏகபோக ஒப்பந்தத்தின் தள்ளுபடி அதில் கையெழுத்திட்ட இரு தரப்போடு முடிந்துபோவதில்லை. 2014இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஆய்வகங்களுக்குத் தரும் கட்டணத்தை, தனியார் காப்பீடுகள் தரும் விலைகளின் எடையிட்ட இடைநிலையைக் கொண்டு நிர்ணயிக்கச் சொன்னது. 2018 ஜனவரியிலிருந்து அது நடப்புக்கு வந்தது. முதல் சுற்றில் விலைத் தரவு கொடுத்தவர்களில் பெரும் ஆய்வகங்களின் எடை மிகுந்திருந்தது. மருத்துவமனை ஆய்வகங்கள் பெரும்பாலும் விடுபட்டன. கோடிக்கணக்கான குழாய்களுக்கு ஈடாகப் பேசி முடித்த தள்ளுபடி விலை, அந்த எண்ணிக்கையைக் கனவிலும் காணாத சிற்றூர் ஆய்வகத்துக்கும் அளவுகோலாயிற்று. ஆய்வகங்களின் சங்கம் 2017 டிசம்பரில் நீதிமன்றம் போனது இதற்காகத்தான்.

அரசும் ஒருமுறை போட்டி ஏலத்தை முயன்றது. மெடிகேருக்கு ஆய்வகச் சேவை வழங்குவோரை ஒப்பந்தப்புள்ளி மூலம் தேர்ந்தெடுக்கும் மாதிரித் திட்டத்துக்குக் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. தோற்றவர் அந்தப் பகுதியின் மெடிகேர் பணியை இழக்க நேரும் என்பதே உள்ளூர் ஆய்வகங்களின் அச்சம். 2008 ஏப்ரலில் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றமே திட்டத்தை நீக்கிவிட்டது. அந்த அச்சம் வெறும் தொழில் பொறாமையன்று. தோற்ற ஆய்வகம் கடையை மூடினால், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் ஏலம் கேட்க யாரும் மிஞ்சமாட்டார்கள். அன்று விலையைச் சொல்வது விற்பவர்தான். மேலும், அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு தரும் உள்ளூர் ஆய்வகம் அன்றாடப் பரிசோதனைகளின் வருவாயில்தான் உயிர் வாழ்கிறது. அன்றாடத்தை எடுத்துவிட்டு அவசரத்தை மட்டும் அதனிடம் விட்டுவைக்க இயலாது.

2019 முதல் யுனைடெட்ஹெல்த்கேர் வேறு வழிகளை நாடியது. அந்த ஆண்டு ஜூலையில் தரம், விலை, சேவை ஆகியவற்றைப் பார்த்து ஏழு ஆய்வகங்களைக் கொண்ட முன்னுரிமை வலையமைப்பை ஏற்படுத்தியது. லேப்கார்ப், குவெஸ்ட் இரண்டும் அதில் இருந்தன. இது சரியான திசை என்றே கருதுகிறேன்: விலைப் போட்டி உயிரோடிருக்கிறது, தேர்வும் இருக்கிறது. 2021இல் அந்த நிறுவனம் மேலும் ஓர் அடி போய், குறிப்பிட்ட தகுதி பெறாத ஆய்வகங்களில் செய்யும் புறநோயாளிப் பரிசோதனைகளுக்கான காப்பீட்டைத் தன் திட்டங்கள் சிலவற்றில் விலக்க முற்பட்டது. அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் எதிர்த்தது. மருத்துவமனைகளின் கட்டணத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டணச் சண்டையின் அடி நோயாளியின் மேல் விழும்படி திட்டத்தை வகுத்ததை ஏற்க முடியவில்லை.

ஆகவே ஒற்றை ஆய்வகத்துக்கு மாறும் எந்த ஒப்பந்தத்திலும் சில நிபந்தனைகளை ஒழுங்குமுறை ஆணையர்கள் கட்டாயமாக்க வேண்டும். புற்றுக் குறியான்கள் போல முறை சார்ந்த பரிசோதனைகளில் தொடர் கண்காணிப்பில் உள்ளவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு பழைய ஆய்வகம் உள்வலையமைப்பாகவே நீடிக்க வேண்டும். அவர்களுடைய இரட்டைச் சோதனையின் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும். மாற்றச் செலவுக்கென ஆய்வகம் 20 கோடி டாலர் வரை தர முன்வந்த வரலாறு இருக்கையில், இதற்குப் பணம் இல்லை என்ற பேச்சு எடுபடாது. புதிய முடிவுத் தாளில், முறை மாறியிருக்கிறது என்பதும் எந்த முறை என்பதும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். குழாய் தவறான ஆய்வகத்துக்குப் போனால் வித்தியாசத் தொகையை நோயாளியிடம் கேட்கும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் ஒற்றை ஆய்வகம் மலிவாகவே வருகிறது என்று ஒரு நிறுவனம் காட்டினால், அந்தக் கணக்கைப் பொதுவில் வைத்து விவாதிக்கலாம்.