இரண்டு சிலைகளுக்கு நடுவே

லண்டனுக்குப் போய் வந்தவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "டவரைப் பார்த்தாயா? பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்த்தாயா?" என்பதுதான். பார்த்தேன். ஆனால் இன்றும் என் மனத்தில் நிற்பது ஒரு மாலை நேரத்து நடை. சேரிங் கிராஸிலிருந்து வைட்ஹால் வீதி வழியாக வெஸ்ட்மின்ஸ்டர் வரையில் நடந்தேன். தூரம் ஒரு மைல்கூட இல்லை. அதற்குள் ஓர் அரசனின் கதையும், அவன் தலையை வாங்கியவனின் கதையும் அடங்கிவிட்டன.

வீதியின் தொடக்கத்தில் குதிரைமேல் வீற்றிருக்கிறான் முதலாம் சார்லஸ். 1633-ல் வார்த்த வெண்கலச் சிலை. லண்டனிலிருந்து மற்ற ஊர்களுக்குள்ள தூரத்தை இங்கிருந்துதான் அளக்கிறார்கள். உள்நாட்டு யுத்தத்தில் அரசன் தோற்றதும், உடைத்துவிடும்படி சொல்லிச் சிலையை ஜான் ரிவெட் என்ற கன்னானிடம் விற்றார்கள். அந்தக் கெட்டிக்காரன் அதை மண்ணில் புதைத்துவிட்டு, "சிலையை உருக்கிச் செய்தவை" என்று கத்திகளை விற்றானாம்! ராஜவிசுவாசிகள் கண்ணீரோடு வாங்கினார்கள். ராஜவிரோதிகள் களிப்போடு வாங்கினார்கள். முடியாட்சி திரும்பிய பிறகு, 1675-ல், சிலை இங்கே எழுந்து நின்றது. இப்படி ஒரு பாத்திரத்தை நான் நாவலில் படைத்தால் வாசகர்கள் நம்புவார்களா?

குதிரைமேல் இருப்பவனின் பார்வை வைட்ஹாலை நோக்கியே இருக்கிறது. அந்த வழியே சற்றுத் தூரம் நடந்தால் இடக்கைப் பக்கம் பாங்க்வெட்டிங் ஹவுஸ் என்னும் விருந்து மண்டபம். இனிகோ ஜோன்ஸ் நிர்மாணித்து 1622-ல் முடித்தது. உள்ளே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், ரூபன்ஸ் தீட்டிய ஓவியங்கள். சார்லஸின் தந்தை ஜேம்ஸ் மன்னன் விண்ணுலகுக்கு உயர்ந்து போகிறான். அரசன் தெய்வாம்சம் பெற்றவன் என்பது அவற்றின் தாத்பரியம். அவற்றை அங்கே பதித்தவன் சார்லஸ்தான்.

1649 ஜனவரி 30-ம் தேதி, அதே கூரையின் கீழே நடந்து, ஜன்னல் வழியாக வெளியே வந்து, அவன் கொலைமேடையில் ஏறினான். கடுங்குளிர். உடம்பு நடுங்கினால் ஜனங்கள் பயம் என்று நினைத்துவிடுவார்களே என்று இரண்டு சட்டைகளைப் போட்டுக்கொண்டானாம். பதினோரு வருஷம் பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆட்சி நடத்தியவனிடம் எனக்கு அனுதாபம் இல்லை. ஆனாலும் அந்த இரண்டாவது சட்டை என் மனத்தைத் தொட்டுவிட்டது.

வீதியைக் கடந்து சென்றால் பார்லிமெண்டு. அதன் வாசலில் வாளும் வேதப் புத்தகமுமாக நிற்கிறான் கிராம்வெல். அவன் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1658-ல் இறந்தவனை 1661-ல் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையை இதே வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின்மேல் குத்தி வைத்தார்கள். 1899-ல் அங்கே அவனுக்குச் சிலை! அயர்லாந்தில் அவன் நடத்திய படுகொலையை மறக்காத ஐரிஷ் அங்கத்தினர்கள் எதிர்த்ததால் பொதுப் பணம் கிடைக்கவில்லை. முன்னாள் பிரதமர் ரோஸ்பெரி பிரபு சொந்தப் பணத்தைக் கொடுத்தார். எதிர்ச்சாரியில் ஸெயின்ட் மார்கரெட் கோயில் வாசலுக்கு மேலே சார்லஸின் சிறிய மார்பளவுச் சிலை. கிராம்வெல் தலை குனிந்திருப்பது அந்த முகத்தைப் பார்க்கக் கூசித்தானோ என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக, 1097-ல் எழும்பிய அந்த ஹாலுக்குள் நுழைந்தேன். சார்லஸ் விசாரிக்கப்பட்ட இடத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். ஜனவரி 20-ம் தேதி விசாரணை ஆரம்பம்; 27-ம் தேதி தீர்ப்பு. மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்கள் 59 பேர்.

இதே கூடத்தில்தான், 1788-ல், வாரன் ஹேஸ்டிங்ஸ் துரையின்மீதும் விசாரணை தொடங்கியது. இந்தியாவில் அவர் செய்த அநீதிகளை எட்மண்டு பர்க் நாள் கணக்கில் எடுத்துரைத்தார். ஏழு வருஷம் நடந்தது. 1795-ல் துரை குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

சொந்த அரசன் குற்றவாளி என்று முடிவு கட்ட ஒரு வாரம் போதுமாயிருந்தது. நம் தேசத்து வழக்குக்கு ஏழு வருஷமும் போதவில்லை. விரோதிகள் இருவருக்கும் சிலை வைத்த அந்த வீதியின் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டே வந்த நான், அந்தக் கூடத்தில் வாயடைத்து நின்றேன்.