பாதிப் பெயர்

மெல் போனிஸ் என்ற பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியக்கூடாது என்பதற்காகவே அந்த அம்மாள் வைத்துக்கொண்ட பெயர் அது. முழுப் பெயர் மெலனி போனிஸ். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் நகரத்தில் ஒரு பெண் பாடினால் ரசிப்பார்கள். பியானோ வாசித்தால் கல்யாணத்துக்கு அதுவும் ஒரு தகுதி என்று நினைப்பார்கள். ஆனால் கனமான சங்கீதத்தை அவளே இயற்றியிருக்கிறாள் என்றால், ஏட்டைப் பிரித்துப் பார்க்குமுன்பே சிரிப்பு வந்துவிடும். ஆகையால் பெயரில் பெண்ணைக் காட்டிக் கொடுக்கிற பாதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கையெழுத்தாகப் போட்டாள்.

அவள் இயற்றியவை சுமார் 300. அவற்றில் என்னைப் பிடித்து உட்கார வைத்தவை இரண்டு பியானோ குவார்டெட்டுகள். பியானோ குவார்டெட் என்றால் நாலு பியானோ அல்ல. ஒரு பியானோ, ஒரு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிதாய்த் தாழ்ந்த குரலில் பேசும் வயோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. நாலும் சமம், எதுவும் எதற்கும் பக்கவாத்தியம் அல்ல. மோஸார்ட் 1785-ல் இந்த வகையில் ஒன்று எழுதி மதிப்பு உண்டாக்கினார். பிறகு பிராம்ஸ், ஃபோரே என்று பெரியவர்கள் வந்தார்கள்.

ஆனால் இந்த வகைக்கு ஒரு சாபக்கேடு உண்டு. இரண்டு வயலின், வயோலா, செல்லோ சேர்ந்த தந்திக் குவார்டெட்டுக்கு, ஆயுள் முழுவதும் சேர்ந்தே வாசிக்கும் கோஷ்டிகள் பல. பியானோ குவார்டெட்டுக்கு நிலையான கோஷ்டி அபூர்வம். வயோலாக்காரரை எங்கிருந்தோ இரவல் வாங்க வேண்டும். அல்லது தந்திக் குவார்டெட்டில் ஒரு வயலினை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பியானோவை அழைக்க வேண்டும். அப்படி அபூர்வமாக நாலு பேர் கூடுகிறபோது பெயர் பெற்ற பிராம்ஸைத்தானே எடுப்பார்கள்? பாதிப் பெயர்க்காரியை யார் எடுப்பார்கள்?

மெலனி 1858-ல் பாரிஸில் பிறந்தாள். சாதாரணக் கத்தோலிக்கக் குடும்பம். பியானோவைத் தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். குடும்ப நண்பர் ஒருவர் வற்புறுத்திய பிறகுதான் பெற்றோர் முறையான பாடத்துக்கு இசைந்தார்கள். ஸெஸார் ஃபிராங்க் என்ற மேதையின் ஆதரவில் பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே உடன் படித்தவர்களில் டெபுஸ்ஸி ஒருவர். மெலனி பரிசுகளும் வாங்கினாள். அமெதே ஹெத்திக் என்ற பாட்டு மாணவனிடம் மனத்தையும் பறிகொடுத்தாள். அவன் கல்யாணத்துக்குக் கேட்டான். பெற்றோர் மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்காமல் 1881-ல் அவளைக் கல்லூரியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

1883-ல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஆல்பெர் டொமாஞ்ஜ் ஒரு தொழிலதிபர், வயது 47, இரண்டு தாரம் இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பனார். பெண்ணுக்கு 25. பெரிய வீடு, வேலைக்காரர்கள், எல்லாம் உண்டு. சங்கீதத்தில் மட்டும் அவருக்குப் பற்று இல்லை. அவளுக்கும் மூன்று குழந்தைகள் பிறந்தன. சில வருஷங்கள் சங்கீதம் ஏறக்குறைய ஓய்ந்தே போயிற்று.

பிறகு ஹெத்திக்கை மறுபடி சந்தித்தாள். அவர் அதற்குள் சங்கீத உலகில் ஒரு புள்ளி. பிற்காலத்தில் ராவெல் போன்றவர்களிடம் குரல் பயிற்சி உருப்படிகள் கேட்டு வாங்கித் தொகுத்தவர் அவர். எழுது என்று தூண்டினார். பதிப்பாளரிடம் அறிமுகம் செய்து வைத்தார். எழுத்து திரும்பியது, காதலும் திரும்பியது. 1899-ல் மதலென் என்ற பெண் ரகசியமாய்ப் பிறந்து வேறிடத்தில் வளர்ந்தது. பெற்றவள் ஞானத்தாய் என்று சொல்லிக்கொண்டு அதைப் பார்த்து வந்தாள்.

இந்தக் காலத்தில்தான் முதல் குவார்டெட் உருவாயிற்று, 1905-ல் முடிந்தது. வீட்டுக் கச்சேரி ஒன்றில் அதைக் கேட்ட ஸான்-ஸான்ஸ், ஒரு பெண்ணால் இப்படி எழுத முடியும் என்று தாம் நினைத்ததே இல்லை என்று வியந்தாராம். 1910-ல் இசை இயற்றுவோர் சங்கத்துக்குச் செயலாளராகவும் ஆனாள். அவ்வளவுதான் உச்சம். 1914-ல் யுத்தம் வந்தது. அது முடிந்தபோது சங்கீதத்தின் போக்கே மாறிவிட்டிருந்தது. இவள் பழங்காலத்து மனுஷியாகிவிட்டாள்.

வீட்டிலோ வேறு யுத்தம். 1918-ல் கணவர் காலமானார். மதலென் தாயின் வீட்டுக்கே வந்து இருந்தாள். சிறைப்பட்டிருந்து திரும்பிய மகன் எதுவார், தங்கை என்று தெரியாமல் அவள் மேல் ஆசை கொண்டான், அவளும் அப்படியே. தாய் வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பெரும்பாலும் நோயும் பிரார்த்தனையும் படுக்கையும்தான். ஆயினும் எழுத்தை விடவில்லை. 70 வயதை நெருங்குகையில் இரண்டாவது பியானோ குவார்டெட்டை எழுதினாள். 1937-ல் 79-ஆம் வயதில் இறந்தாள். சங்கீதம் அலமாரிக்குள் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வம்சத்தாரும் வாத்தியக்காரர்கள் சிலரும் அதை வெளியே எடுத்தார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! முதல் தடவை கேட்டபோது நானும் அதைத்தான் செய்தேன். செல்லோ தாழ்ந்து முனகினால் 'ஆ, ஹெத்திக்' என்றேன்; வயோலா தயங்கினால் 'பாவம், மதலென்' என்றேன். நாலு வாத்தியத்தையும் என் நாவலுக்குப் பாத்திரங்களாக்கிவிட்டேன்.

இரண்டாம் தடவை கேட்டபோது வெட்கமாக இருந்தது. முதல் குவார்டெட்டின் இரண்டாம் பகுதி கண்ணீர் சிந்தவில்லை. லேசாக, நிதானமாக, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடக்கிறது. நாலு குரல்களுக்கும் பேச முறை கிடைக்கிறது. பியானோ தந்திகளை அமுக்கிவிடாமல் வழிவிடுகிறது. இதெல்லாம் துக்கத்தால் வருவதல்ல. தொழில் தெரிந்தால் வருவது. கல்லூரியில் கற்றதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஸான்-ஸான்ஸின் வியப்புக்கும் என் பரிதாபத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவர் சங்கீதத்தைக் கேட்டுவிட்டுப் பெண்ணைப் பார்த்தார். நான் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சங்கீதத்தைக் கேட்டேன். இரண்டு பேருமே அவள் வெட்டி எறிந்த பாதியைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னோம்.

இன்று அவள் வாழ்க்கை ஊரறிந்த செய்தி. வேஷம் இனித் தேவையில்லை. ஆனாலும் ஏடுகளிலும் இசைத்தட்டுகளிலும் பெரும்பாலும் மெல் போனிஸ் என்றுதான் போடுகிறார்கள். பெரும்பாலோர் பெயரை நீட்டவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. மூன்றாம் தடவை கேட்டபோது ஹெத்திக்கை நான் அழைக்கவில்லை, அவரும் வரவில்லை.