சுவருக்குள் ஒரு வரலாறு

1973 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மூண்ட அரபு - இஸ்ரேலியப் போரின் விளைவுகளுள் ஒன்று, போர்க்களத்துக்குப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், கனடாவின் வீட்டுச் சுவர்களுக்குள் நிகழ்ந்தது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையை அடுத்து, பீப்பாய் ஒன்று சுமார் 3 டொலராக இருந்த மசகு எண்ணெயின் விலை 1974 இன் தொடக்கத்தில் 11 டொலரைத் தாண்டியது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்துக்கிடந்த இலங்கையரான எங்களுக்கு எரிபொருளின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் எங்களுக்கு அது போக்குவரத்தும் சமையலுமே; குளிர்நாட்டவருக்கோ அது உயிர்.

மலிவான எண்ணெயை நம்பியே அதுவரை அங்கு வீடுகள் கட்டப்பட்டிருந்தன. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் கதவு, யன்னல் இடுக்குகள் வழியாகவும் வெப்பம் வெளியேறியது. ஈடுசெய்ய உலை மேலும் எரிந்தது. விலை ஏறியதும் இந்த விரயத்தைத் தடுக்கக் கனடா இரு வழிகளை நாடியது.

முதலாவது, அவசர வழி. பழைய வீடுகளுக்கு வெப்பக்காப்பு இடுவதற்கு 1977 இல் கனடிய அரசு மானியம் வழங்கத் தொடங்கியது. சுவரில் துளையிட்டு யூரியா போர்மல்டிஹைட் நுரையை உட்செலுத்துவது அக்காலத்தில் பரவியிருந்த முறைகளுள் ஒன்று. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் அந்நுரை புகுந்தது. அதிலிருந்து கசிந்த வாயுவால் கண் எரிவு, தொண்டை எரிவு என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 1980 டிசம்பரில் அது தடைசெய்யப்பட்டது. வாயுக் கசிவு காலப்போக்கில் குறைந்துவிடும் என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்கிடையில் அவ்வீடுகளின் விலை வீழ்ந்துவிட்டது. சுவரை நிரப்ப மானியம் கொடுத்த அரசே, நிரப்பியதை அகற்றவும் பணம் கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது, நிதானமான வழி. சஸ்காச்சுவான் மாகாண அரசு, தனது காலநிலைக்கு ஏற்ற சூரியசக்தி வீடொன்றை வடிவமைக்குமாறு மாகாண ஆராய்ச்சி மன்றத்தைக் கேட்டது. பொறியியலாளர் ஹரோல்ட் ஓர் உள்ளிட்ட குழுவினர் கேள்வியையே மாற்றிப் போட்டனர். வெப்பத்தை எங்கிருந்து பெறுவது என்பதை விட, பெற்ற வெப்பத்தை எவ்வாறு இழக்காதிருப்பது என்பதே அவர்களின் முதற் கவலையாயிற்று. அதன் பயனாக 1977 இல் ரெஜைனா நகரில் ஒரு வீடு எழுந்தது. அதன் சுவர் சுமார் 12 அங்குலத் தடிப்பானது. கூரையின் காப்பு அதனினும் கனமானது. காற்றுப் புகாதவாறு பொலித்தீன் விரிப்பால் இடுக்குகள் அடைக்கப்பட்டன. அடைத்த வீட்டில் மூச்சுத் திணறாதிருக்க, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் குளிர்காற்றுக்கு ஊட்டும் கருவி பொருத்தப்பட்டது. பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைக்கும் இறங்கக்கூடிய குளிரில், வழமையான உலை இன்றியே அவ்வீடு இயங்கியது. அதில் அமைத்த சூரிய வெந்நீர் ஏற்பாடு செலவு மிக்கதாகவும் தொல்லை தருவதாகவும் இருந்தமையால் பின்னர் அகற்றப்பட்டது. சுவர்கள் நிலைத்தன.

1991 இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ப்காங் பைஸ்ட் அமைத்த முதலாவது 'பசிவ்' வீட்டுக்கு முன்னோடிகளுள் ஒன்று ரெஜைனா வீடு. பைஸ்ட் நிறுவிய நிறுவகமே 2015 இல் ஓருக்கு முன்னோடி விருது வழங்கியது.

1983 இன் பின்னர் கனடா சென்ற எம்மவர் பலர் குடியேறியது எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் கட்டிய வீடுகளில்தான். மாதாமாதம் வரும் வெப்பமூட்டற் கட்டணத்தை அவர்கள் அறிவர். சுவருக்குள் இருப்பதை அறிந்தவர் சிலரே. முதலில் இடுக்குகளை அடைத்தல், அடுத்துக் கூரைக்குக் காப்பு, அதன்பின் சுவர், இவற்றோடு காற்றோட்டம் என்பதே ரெஜைனா வழிவந்தோர் கற்பிக்கும் ஒழுங்கு. மானியம் கிடைக்கிறது என்பதற்காக எவரோ வந்து சுவரில் துளையிட அனுமதிக்கும் முன்னர், எதைச் செலுத்தப்போகிறார் என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. அக்கேள்வியைக் கேட்கத் தவறியதன் விலையை ஒரு இலட்சம் குடும்பங்கள் செலுத்தியிருக்கின்றன.