வைசியாள் வீதியும் இரண்டு ஐரோப்பிய நகரங்களும்

புதுச்சேரியின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுவதற்கு முதற்காரணம் டச்சுக்காரர்கள். 1674இல் பிரெஞ்சுக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் காலூன்றிய ஊரை அவர்கள் 1693இல் கைப்பற்றினார்கள். நெசவாளர், வணிகர், கைவினைஞர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் வீதி ஒதுக்கி, கட்டம் கட்டமாக வரைபடம் ஒன்றையும் போட்டார்கள். ஆறே ஆண்டுகளில் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வரைபடத்தை அவர்கள் மாற்றவில்லை. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், 1765 முதல் பழைய வீதிகளின் மீதே ஊர் திரும்ப எழுந்தது. இன்று பழைய புதுச்சேரி என்று கண்ணில் படுவதில் பெரும்பாலானவை அதற்குப் பிந்திய கட்டடங்கள்.

வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் அந்த ஊரை இரண்டாகப் பிரித்தது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கடலோர வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நிற்பவை. தமிழர் வீடுகளோ வீதியோடு ஒட்டி உறவாடுபவை. வாசலில் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வழிப்போக்கரும் உட்காரலாம் என்ற திண்ணை, அதைத் தாண்டி வேலைப்பாடுள்ள தலைவாசல், உள்ளே முற்றம். வீட்டுக்கு வீடு தாழ்வாரங்கள் தொடர்ந்து சென்றதால் வீதி முழுவதற்கும் ஒரே முகம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றின் மேல் மாடிகள் வந்தபோது, கீழ்த்தளம் தமிழ் வீடாகவும் மேல்தளம் வளைவுச் சன்னல், சுண்ணச்சிற்பம், கைப்பிடிச் சுவர் கொண்ட பிரெஞ்சு வீடாகவும் அமைந்தன. இந்தக் கலப்பு இந்த ஊருக்கே உரிய முத்திரை. ஆயினும் நெடுங்காலம் புதுச்சேரியின் பழமை என்றாலே கடலோர வெள்ளைக் கட்டடங்கள்தான் என்ற எண்ணம் ஊன்றியிருந்தது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் நில மதிப்பு ஏறியது, கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன. முற்றம் வைத்த பெரிய வீட்டை வைத்துப் பராமரிப்பதைவிட, இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பி வாடகைக்கு விடுவது லாபமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு வீடு விழுந்தாலும் தாழ்வாரத் தொடர் அறுந்துபோகும். கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளையான இன்டாக் 1990களில் எடுத்த கணக்கில், பேணத்தக்கவையாக ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் இருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. இழந்தவற்றில் தமிழர் பகுதி வீடுகளே மிகுதி என்பது வருத்தத்துக்குரியது.

இந்த இழப்பின் நடுவில்தான் ஐரோப்பிய ஆணையத்தின் ‘ஏசியா அர்ப்ஸ்’ திட்டம் புதுச்சேரியை எட்டியது. அரசுக்கு அரசு கடன் தரும் வழக்கமான உதவி அல்ல அது. ஐரோப்பாவின் உள்ளாட்சிகளும் ஆசிய உள்ளாட்சியும் கூட்டாக விண்ணப்பித்து, ஒரு நகரத்தின் அனுபவத்தை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நேவ்-சூர்-லோட்டும் புதுச்சேரிக்குக் கூட்டாளிகளாயின. தொழில்நுட்பப் பொறுப்பு இன்டாக்கிடம் இருந்தது. 2002 முதல் 2004 வரை நடந்த அப்பணியின் நோக்கம், மரபைக் காப்பதன் வழியாகவே நகரின் பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் மேம்படுத்துவது.

கூட்டாளிகள் பொருத்தமானவர்கள். வில்நேவ்-சூர்-லோட் 1264இல் திட்டமிட்டு எழுப்பப்பட்ட கோட்டை ஊர். நடுவில் சந்தைச் சதுக்கம், சுற்றிலும் கட்டம் கட்டமாக வீதிகள். உர்பினோ மறுமலர்ச்சிக் காலத்து மலையூர். 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடக் கலைஞர் ஜான்கார்லோ தே கார்லோ 1960களில் அதற்கு வகுத்த திட்டம், பழைய ஊரைக் காட்சிப் பொருளாக்காமல், மக்கள் வாழும் இடமாகவே புதுப்பிக்கலாம் என்று காட்டியது. புதுச்சேரிக்குத் தேவைப்பட்டதும் அதுவே.

முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது கடலோரத் தெரு அல்ல. தமிழர் பகுதியின் வைசியாள் வீதி, அதாவது கலவை சுப்பராயச் செட்டியார் வீதி. திட்டத்தின் சிறந்த முடிவு இதுதான் எனலாம். தனி மாளிகை ஒன்றை மினுக்கி நிறுத்துவதற்குப் பதில், குடும்பங்கள் குடியிருக்கும் வீதியின் முகப்பையே ஒருசேரச் சீராக்க முனைந்தார்கள். பின்னாளில் சேர்ந்த கூரைகளும் மறைப்புகளும் கழன்று, திண்ணைகளும் தாழ்வாரங்களும் பழைய வடிவத்துக்குத் திரும்பின. இத்தகைய வீடுகளுக்குச் சிமெண்ட் ஒத்துவராது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்புப் பூத்து உதிரும். அதனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும், தூணும் கதவும் பழுதுபார்க்கும் தச்சரும் இல்லாமல் இப்பணி நகராது. வீடுகளில் பெரும்பாலானவை தனியார் சொத்து என்பதால் உரிமையாளரின் சம்மதமும் ஒத்துழைப்பும் வேண்டியிருந்தது. வீடு வீடாகப் பேசி அதைப் பெற்றதே பொறியியல் வேலையைவிடக் கடினமான பகுதி.

2008இல் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோ விருதுகளில் வைசியாள் வீதிக்குச் சிறப்புத் தகுதி விருது கிடைத்தது. பழைய தமிழ் வீடுகள் சில தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறி, முற்றத்துக்கும் திண்ணைக்கும் வருமானம் உண்டு என்று காட்டின. ஆனால் திட்டம் ஒருசேரச் சீராக்கியது ஒரு வீதியைத்தான். மற்ற வீதிகளில் இடிப்பதைத் தடுக்க வலுவான விதி இல்லாததால் இழப்பு தொடர்ந்தது.

அரசுக் கட்டடங்களும் தப்பவில்லை. 1870களின் தொடக்கத்தில் கடற்கரையில் எழுந்த நகர்மன்றமான மேரி கட்டடம், பராமரிப்பின்றி 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இதற்கிடையே 2016இல் சண்டிகர், நாக்பூரோடு புதுச்சேரியையும் சீர்மிகு நகராக்க பிரான்சு உதவ முன்வந்தது. 2017 ஜூனில் மத்திய அரசின் சீர்மிகு நகரப் பட்டியலில் புதுச்சேரி இடம்பெற்றது. ஏசியா அர்ப்ஸ் காலத்தில் நகராட்சிகள் நேருக்கு நேர் பேசின. அதற்குப் பின் பேசியவை அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும். தொகை பெருகியது. வைசியாள் வீதியில் வாசல்தோறும் நடந்த பேச்சுவார்த்தைக்கு இந்த ஏற்பாட்டில் இடம் குறைவாகவே இருந்தது.