கடலடி வடமும் கூடத்துக் கம்பியும்

நண்பர் ஒருவர் தம் வீட்டு ஒலி அமைப்புக்குப் புதிய கம்பிகள் வாங்கியிருந்தார். விரல் பருமனில், நெய்த உறை போர்த்திய கம்பிகள். இரண்டு ஸ்பீக்கர்களின் விலையில் பாதி இவற்றுக்கே போயிற்று. இசை கேட்கத் தெரிந்தவர்கள் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே ஓர் எண்ணம் உண்டு. கச்சேரிப் பதிவு ஒன்று ஒலித்து முடிந்ததும், தம்புராவின் நாதம் தனியே பிரிந்து கேட்கிறது என்றார் ஒருவர். நாங்கள் அனைவரும் ஆமோதித்தோம். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் கேட்டது. அந்தத் தெளிவு கம்பியிலிருந்து வந்ததா, எங்களிடமிருந்தே வந்ததா என்னும் வினா பிறகுதான் எழுந்தது.

கம்பியின் தரத்தைப் பற்றிய வழக்கு மிகப் பழையது. அதன் முதற்களம் வீட்டுக் கூடமன்று, அட்லாண்டிக் கடலின் அடித்தளம்.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்துக் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்துச் செய்தி முழுமையாகச் சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. சில வாரங்களில் வடம் ஊமையாகிவிட்டது. மின்பொறுப்பில் இருந்த வைட்ஹவுஸ், தொழிலால் அறுவை மருத்துவர். தம் சோதனைகளில் அசையா நம்பிக்கை கொண்டவர். கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சனோ, வடத்தின் நீளம் இரு மடங்கானால் சைகையின் தாமதம் நான்கு மடங்காகும் என்று முன்பே கணக்கிட்டிருந்தார். வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. சைகை மங்கியபோது ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். முன்பே பழுதுபட்டிருந்த வடத்தின் முடிவை அது விரைவுபடுத்தியது.

இந்தக் கதையில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய பகுதி வேறொன்று. 1857இல் தாம்சன் பல ஆலைகளின் செம்புக் கம்பிகளை அளந்து பார்த்தார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த கம்பிகள் மின்சாரத்தைக் கடத்துவதில் பெரிதும் வேறுபட்டன. செம்பின் தூய்மையே காரணம். இனி ஒவ்வொரு துண்டையும் அளந்த பிறகே வடமாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1866இல் வெற்றி பெற்ற வடத்தில் மைலுக்கு மைல் முன்னதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு செம்பு இருந்தது. கம்பியின் தரம் முக்கியமா என்னும் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் விடை ஐயமற்றது: ஆம்.

ஆனால் அந்த விடையின் வெற்றியே கேள்வியை முடித்து வைத்துவிட்டது எனலாம். தூய செம்பு பொதுவழக்காயிற்று. 1913இல் செம்பின் கடத்துதிறனுக்குப் பன்னாட்டு அளவுகோலும் வகுக்கப்பட்டது. வீட்டு மின்கம்பிக்கான சாதாரணச் செம்பே இன்று அந்த அளவுகோலில் நூறைத் தொடுகிறது. 'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்று விளம்பரப்படுத்தப்படுவது நூற்றொன்றை ஒட்டி நிற்கிறது. ஒரு விழுக்காட்டு வேறுபாடு.

தொலைவும் அப்படியே. தாம்சனின் கவலை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வடத்தைப் பற்றியது. மனிதச் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த அதிர்வெண் 20,000 ஹெர்ட்ஸ் என்பர். அந்த மின்னலையின் நீளமே கம்பியில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் இருக்கும். ஐந்து மீட்டர் கம்பியில் கடலின் சிக்கல்கள் தலைகாட்ட இடமில்லை. அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் மின்தடை ஒன்றே. ஐந்து மீட்டர் தொலைவுக்கு, போகவர இரு இழைகளையும் சேர்த்து, 16 கேஜ் கம்பியின் தடை 0.13 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் இது இரண்டு விழுக்காடுகூட இல்லை. மெல்லிய 24 கேஜ் கம்பி என்றால் தடை 0.8 ஓமைத் தாண்டும். ஸ்பீக்கரின் தடை சுரத்துக்குச் சுரம் மாறுவதால், அப்போது ஒலியின் அளவோடு நிறமும் சற்றே மாறலாம்.

நெடுங்காலம் இசைப்பிரியர்கள் மேசைவிளக்குக் கம்பியையே பயன்படுத்தி வந்தனர். 1979இல் அமெரிக்காவில் நோயல் லீ தொடங்கிய மான்ஸ்டர் கேபிள் நிறுவனம் கம்பியைத் தனிச் சரக்காக்கியது. மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த கம்பி என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. 1983இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு சோதனை நடத்தினார். எந்தக் கம்பி என்று தெரியாமல் கேட்டவர்களால், இசையை வைத்து, மான்ஸ்டர் கம்பியையும் சாதாரண 16 கேஜ் கம்பியையும் பிரித்தறிய இயலவில்லை. 24 கேஜ் கம்பியைச் சோதனை இரைச்சலைக் கொண்டு கண்டுபிடிக்க முடிந்தது. ஒலியளவு குறைந்ததே காரணம். 2007இல் ஏழாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள கம்பிகளை முன்வைத்து, சாதாரணக் கம்பியிலிருந்து அவற்றைக் கண்மூடிக் கேட்டுப் பிரித்தறிவோருக்குத் தம் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டாலர் பரிசு உண்டு என்று ஜேம்ஸ் ராண்டி அறைகூவினார். அறிவிப்போடு சரி, அந்தச் சோதனை நடக்கவேயில்லை.

கம்பியே பொருட்டல்ல என்று முடிப்பதும் பிழை. இசைத்தட்டுக் கருவியின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சைகைக்குக் கம்பியின் மின்தேக்குதிறன் பொருட்டாகும். உறைக்காப்பு இல்லாத கம்பியில் மின்னிரைச்சல் புகும். கடற்கரை ஊர்களில் பச்சை பூத்த முனைகளைத் துடைத்து முடுக்கினாலே பாதிக் குறை தீரும். இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை.

பின்னொரு மாலை நண்பரின் இளைய மகன் திரைக்குப் பின்னிருந்து கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்தான். நாங்கள் தாளில் எழுதினோம். பன்னிரண்டு முறையில் ஆறு சரி. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். தம்புரா அன்றும் தெளிவாகத்தான் கேட்டது, இரண்டு கம்பிகளிலும்.

அன்று நாணியது செவிக்காக அல்ல. புதிய கம்பியில் வேறுபாடு கேட்கவில்லை என்று முதல் நாளே ஒருவர் மெல்லச் சொல்லியிருந்தார். 'கேட்கப் பழக வேண்டும்' என்று அவரை வாயடைத்தவர்கள் நாங்கள்.